சுடலைமாடன் ஸ்டாப்

தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில், ஆலங்குளம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இடது கைப்பக்கம் ஒரு சுடலைமாடன் இருந்தார். கோயில் என்று சொல்ல முடியாது. வெள்ளையடித்த ஒரு பீடம், பக்கத்தில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் பீடி சுற்றுகிற பெண்கள் நாலைந்து பேர். 1990-ம் வருஷக் கடைசியிலிருந்து அடுத்த ஆனி மாதம் வரைக்கும், திருநெல்வேலிக்குப் போகும்போது எங்கள் கார் நிற்காமல் அந்தச் சுடலையைத் தாண்டியதில்லை. சில நாள் பீடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும், சில நாள் தாண்டிப் போய் நிற்கும், ஆனால் கூப்பிடு தூரத்துக்குள் எங்காவது நின்றுவிடும். தூரத்தில் கார் தெரியும்போதே, “சார்வாள் வண்டி வருதுட்டீ” என்று ஒருத்தி சொல்வாள். மற்றவர்கள் முறத்தை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாராகிவிடுவார்கள்.

சார்வாள் என்றது என் அப்பாவை. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வண்டி 1978 மாடல் பிரீமியர் பத்மினி, எங்களுக்கு முன்னால் இரண்டு கை மாறியது. நாலு சிலிண்டர், 1089 சிசி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் கம்பி. பத்மினி என்று பெயர் வைத்துப் பல வருஷம் ஆகியும் எங்கள் ஊரில் அதை ஃபியட் என்றுதான் சொல்வார்கள். வாத்தியார் சம்பளத்தில் கார் வாங்கும் ஆள் இல்லை அப்பா. ஆச்சிக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, மாதம் ஒரு தடவை திருநெல்வேலிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏறி இறங்க அவளால் முடியவில்லை. கொஞ்சம் வயலை விற்று வண்டியை வாங்கினார். ஆக அது ஆச்சியின் வண்டி. பின் சீட்டில் வலது பக்கம் அவள் இடம். அங்கே வேறு யாரும் உட்காரக் கூடாது.

எப்படி நிற்கும் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருந்தது. சாவியைத் திருப்பியது மாதிரி டக்கென்று அணைகிற வண்டிக்கு பெரும்பாலும் கரண்ட் கோளாறு. இருமி, குலுங்கி, இழுவை குறைந்து சாகிற வண்டிக்கு பெரும்பாலும் பெட்ரோல் கோளாறு. இது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. முன் சீட்டில் அம்மா மடியில் தங்கை, பின் சீட்டில் ஆச்சிக்குப் பக்கத்தில் நான். பாவூர்சத்திரம் வரைக்கும் வண்டி தேர் மாதிரி போகும். ஆலங்குளம் நெருங்கும்போது, ஆக்சிலேட்டரை மிதித்தாலும் வேகம் ஏறாது. ஒரு சின்ன மேட்டில் முதல் குலுக்கல் வரும். அப்பா கியரைக் குறைப்பார். எஞ்சின் திக்குகிற பையன் பேசுவது மாதிரி ஒரு சொல் சொல்லும், ஒரு சொல் விழுங்கும். முன்பக்கமிருந்து ‘புஸ்க் புஸ்க்’ என்று ஒரு தும்மல் கேட்கும், அது கார்புரேட்டர் வழியாகத் தீ திரும்ப வருகிற சத்தம். அப்புறம் ஒரு பெரிய குலுக்கல். அதற்குப் பிறகு டயர் மண்ணில் உருளுகிற சத்தம் மட்டும்தான். எஞ்சின் இல்லாத கார் எவ்வளவு அமைதியாக உருளும் என்பது சின்ன வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

வண்டி நின்றதும் அப்பா முதலில் ஒரு காரியம் செய்வார். பின்னால் போய், பெட்ரோல் டேங்க் மூடியைப் பூட்டுத் திறந்து கழற்றி, காரை இரண்டு கையாலும் ஒரு ஆட்டு ஆட்டி, உள்ளே ‘களக் களக்’ என்று கேட்கிறதா என்று பார்ப்பார். பெட்ரோல் முள்ளை நம்ப முடியாது, அது டேங்க் நிறைந்திருக்கும்போதும் பாதியில்தான் நிற்கும். அதோடு அவருக்குத் திருட்டுப் பயம். அந்த வருஷம் ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்திருந்தது. பெட்ரோல் விலை ஏறியது, எங்கள் தெருவில் இரண்டு வண்டிகளில் ராத்திரி டியூப் போட்டு உறிஞ்சிவிட்டார்கள். களக் களக் கேட்டதும், “பெட்ரோல் இருக்கு” என்று தனக்கே சொல்லிக்கொண்டு மூடியைப் பூட்டிவிட்டு முன்னால் வந்து பானெட்டைத் தூக்குவார். அதற்கப்புறம்தான் வைத்தியம் ஆரம்பிக்கும்.

முதல் வைத்தியர் ஒரு லாரி டிரைவர். “சூட்டுல பம்புக்குள்ள பெட்ரோல் ஆவியாயிருச்சு அண்ணாச்சி” என்று சொல்லி, தன் தோள் துண்டை நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் போர்த்தினார். ஏசி பம்ப் என்று மெக்கானிக்குகள் சொல்கிற அந்தப் பம்ப், எஞ்சினோடு ஒட்டி இருக்கும். எஞ்சின் சூடு அதற்கும் ஏறும். பெட்ரோல் குழாய்க்குள் குமிழி கட்டிக்கொண்டால், பம்ப் குமிழியைத்தான் அமுக்கி அமுக்கி விடும், பெட்ரோல் நகராது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. கோடைகாலத்தில் எத்தனையோ அம்பாசிடரும் ஃபியட்டும் ஈரத்துணியில் பிழைத்திருக்கின்றன. துணி போட்டுப் பத்து நிமிஷத்தில் எங்கள் வண்டியும் பிழைத்தது. அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதத்திலிருந்து காரில் ஒரு தூக்குவாளித் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் ஏறின.

அடுத்த மாதமும் அதே இடம். துணி போட்டோம், கிளம்பியது. வைத்தியம் சரி, நோய் தீரவில்லையே என்று அப்பா தென்காசியில் ஒரு பட்டறைக்குப் போனார். அங்கே பிளக்கைத் துடைத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, கண்டன்சர் மாற்றிக் கொடுத்தார்கள். திரும்பவும் நின்றது. இன்னொரு பட்டறையில், காயில் சூடானால் பொறி விடாது என்று காயில் மாற்றினார்கள். அதுவும் உண்மையில் நடக்கிற கோளாறுதான். உள்ளே சுற்றியிருக்கிற மெல்லிய கம்பி சூட்டில் விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும், வண்டி அரை மணி நேரம் கழித்து ஒன்றும் தெரியாத மாதிரி கிளம்பும். திரும்பவும் நின்றது. ஆலங்குளத்து டிராக்டர் மெக்கானிக் ஒருவர் ரோட்டிலேயே கார்புரேட்டர் மூடியைக் கழற்றிக் காட்டினார். மிதவை அறையில் பெட்ரோல் காய்ந்து கிடந்தது. பாட்டிலில் இருந்து கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினார், உடனே பிடித்துக்கொண்டது. “பம்ப் போயிருச்சு சார்வாள்” என்றார். கண்ணால் பார்த்த சாட்சி, யார் மறுக்க முடியும்? பம்பும் மாறியது.

ஆச்சி தன் கட்சியை விடவில்லை. “மாடன் வாசல் வழியாப் போறோம், அவனுக்கு ஒரு சுருட்டு வாங்கி வச்சா என்ன கொறஞ்சா போவும்? கண்டுக்கிடாமப் போனா விடுவானா?” அப்பாவுக்குச் சங்கடம். ஆனால் பெற்றவள் பேச்சு. மாசி மாதம் வண்டி நின்றதும் என்னிடம் சுருட்டைக் கொடுத்து அனுப்பினார். நான் பீடத்தில் வைத்து, பீடி அக்கா ஒருத்தி தீக்குச்சி தந்தாள், பற்றவைத்துவிட்டு ஓடி வந்தேன். வண்டி முதல் செல்ஃபில் கிளம்பியது. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

இது எல்லாமே அப்பாவின் நோட்டில் இருக்கிறது. நாற்பது பக்க ரூல் நோட்டு, அட்டையில் அவருடைய அழகான கையெழுத்தில் ‘வாகனம்’. கட்டம் போட்டு ஐந்து பத்தி: தேதி, மீட்டர், இடம், செய்தது, செலவு. ‘செய்தது’ பத்தியில் ஈரத்துணி, பாயிண்ட், கண்டன்சர், காயில், பம்ப் என்று வரிசையாகப் போய், ஓர் இடத்தில் ‘சுருட்டு 1’ என்று இருக்கிறது. செலவுப் பத்தியில் அதற்கும் விலை எழுதியிருக்கிறார். கணக்கு வாத்தியார்.

இரண்டு விஷயம் யாருக்கும் புரியவில்லை. ஒன்று, திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது வண்டி ஒரு தடவைகூட நின்றதில்லை. அதே சாலை, அதே மேடு, மத்தியான வெயில் வேறு. “மாடு மாதிரிதான். வெளிய போகச் சொன்னா மக்கர் பண்ணும், வீட்டுக்குத் திரும்புன்னா ஓட்டமா ஓடும்” என்பாள் அம்மா. இரண்டு, உள்ளூரில் ஓட்டினால் வியாதியே தெரியாது. பட்டறைக்காரர்கள் ‘டிரையல்’ பார்க்கிறேன் என்று குற்றாலம் வரை, செங்கோட்டை வரை ஓட்டிப் பார்த்தார்கள். பட்டாக ஓடியது. பட்டறையில் வண்டியை விடும்போது டேங்கில் நாலைந்து லிட்டருக்கு மேல் வைத்துவிடக் கூடாது என்பது அப்பாவின் கொள்கை. திருட்டுப் பயம்தான்.

இங்கே ஒரு சின்ன விலகல். போன வருஷம் என் கார், இப்போதைய காலத்துக் கார், மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் கையில் நடுங்க ஆரம்பித்தது. பச்சை விழுந்து மிதித்தால் ஒரு விக்கல், இரண்டு தடவை அணைந்தே போனது. எஞ்சின் விளக்கு மஞ்சளாகக் கண்ணடித்தது. பட்டறைப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினான், பி0302 என்று வந்தது. இரண்டாவது சிலிண்டரில் தீ ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். “காயில் மாத்தணுமாப்பா?” என்றேன், பழைய நினைப்பில். “இருங்க சார்” என்றான். இப்போது ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் தனித்தனிக் காயில். இரண்டாவதின் காயிலைப் பிடுங்கி மூன்றாவதில் மாட்டினான், மூன்றாவதினுடையதை இரண்டாவதில். வேறு எதையும் தொடவில்லை. பிளக்கைக்கூடத் துடைக்கவில்லை. பழைய கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மறுபடி செருகினான். பி0303. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறியிருந்தது. ஒரு காயில் மட்டும் வாங்கினால் போதும் என்றான். எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஸ்கேனருக்காக இல்லை. இன்னும் பல பட்டறைகளில் ஸ்கேனர் சொன்னதை அப்படியே பில்லாக அடித்துவிடுகிறார்கள், எண் காட்டுவது நோயின் இடத்தை மட்டும்தான், நோயை இல்லை என்று தெரியாமல். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிற அந்தப் பொறுமைக்காக. அப்படி ஒரு பொறுமையை நான் அதற்கு முன்னால் ஒரே ஒருவரிடம்தான் பார்த்திருந்தேன்.

அவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிட்டோம். கடையநல்லூர்க்காரர். குவைத்தில் பதினோரு வருஷம் கார் மெக்கானிக். சண்டை வந்ததும் பாக்தாத் வழியாக ஜோர்டானுக்குப் பஸ்ஸில் போய், அம்மானில் நாள்கணக்கில் காத்துக் கிடந்து, ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து இறங்கியவர். அந்த இரண்டு மாதத்தில் அந்த வழியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கடையநல்லூரில் வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் என்றால் டேப் ரிக்கார்டரும் கோடாலித் தைலமும் கொண்டு வருவார்கள். பாய் ஒரு துணிப்பையில் ஸ்பானர்களைக் கொண்டுவந்தார். சம்பளப் பாக்கி, அறையில் இருந்த சாமான், எல்லாம் அங்கேயே போயிற்று. 1991 வைகாசியில் குற்றாலம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் பட்டறை என்று ஒன்று போட்டார். பலகைகூட இல்லை. ஒரு பெஞ்சு, இரண்டு டயர், அந்தத் துணிப்பை.

அப்பா அவரிடம் போனது நம்பிக்கையினால் இல்லை, வேறு ஆள் மிச்சம் இல்லாததினால். நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார். பாய் பானெட்டைத் தூக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், நேரம் எடுத்தது. சுருட்டு வந்ததும் சிரித்தார். முடித்துவிட்டு, “சார்வாள், இதுல எழுதினதெல்லாம் வண்டிக்கு என்ன செஞ்சியன்னு. வண்டி நின்னதும் நீங்க என்ன செய்திய?” என்றார்.

“அதான், துணி போடுவேன்...”

“அதுக்கு முன்னால?”

“பானெட்டைத் தூக்குவேன்.”

“அதுக்கும் முன்னால?”

அப்பா யோசித்தார். நான்தான் சொன்னேன், “பெட்ரோல் இருக்கான்னு மூடியத் தொறந்து ஆட்டிப் பாப்பா.”

பாய் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், “அடுத்தாப்பல எப்பப் போறிய? நானும் வாரேன். வழக்கமா எப்படிப் போவியளோ அப்படியே போகணும். பெட்ரோல்கூட எப்பவும் போடுறதத்தான் போடணும்” என்றார்.

வழக்கம் என்றால், திருநெல்வேலிக்குப் போகிற அன்று காலையில் பங்கில் டேங்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பிக்கொள்வார் அப்பா. விலை என்று ஏறும், என்று தட்டுப்பாடு வரும் என்று தெரியாத காலம். நெடுந்தூரம் போகிற நாளில் மட்டும் ஃபுல் டேங்க். அன்றும் நிரப்பினார்.

ஆனிச் சாரல் பிடித்திருந்த நாள். கண்ணாடியில் துளி, மலையில் மேகம், காற்று ஏசி போட்டது மாதிரி. முன் சீட்டில் பாய், பின் சீட்டில் நாங்கள் நாலு பேர். ஆலங்குளம் தாண்டினோம். மேட்டில் முதல் குலுக்கல். “வந்துட்டு” என்றார் பாய், விருந்தாளி வந்த மாதிரி. தும்மல், குலுக்கல், அமைதி. வேப்பமரத்தடியில் சாக்குப்பையைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு அக்காக்கள் எழுந்து நின்றார்கள்.

அப்பாவின் கை கதவுக்குப் போனது, சாவிக்கொத்தில் மூடிச் சாவியைத் தேடிக்கொண்டே. பாய் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “இறங்காதிய சார்வாள். சாவிய எங்கிட்ட குடுங்க.”

அடுத்த அரை மணி நேரத்தை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். முதலில் ஈரத்துணி. சாரலில் துணியே தேவையில்லை, ஆனாலும் போட்டார். பத்து நிமிஷம் காத்திருந்து செல்ஃப் அடித்தார், பிடிக்கவில்லை. பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரில் மாட்டி, எஞ்சின் மேல் சாய்த்து வைத்து அப்பாவை செல்ஃப் அடிக்கச் சொன்னார். சட் சட்டென்று நீலப் பொறி. பிளக்கின் நுனியை விரலால் தடவி மோந்து பார்த்தார், காப்பித்தூள் நிறம். “எஞ்சினு நல்லாருக்கு. பட்டினி போட்டுருக்கு, அவ்வளவுதான்.” அடுத்து ஆச்சியிடம் திரும்பி, “ஆச்சி, உங்க சுருட்டையும் வச்சிருவோம், அப்புறம் என்னயச் சொல்லப் பிடாது” என்றார். நான் ஓடிப் போய் வைத்தேன். ஈரத்தில் பற்றவே இல்லை, அக்காக்கள் முந்தானையைக் குடையாகப் பிடித்து உதவினார்கள். செல்ஃப் அடித்தார். பிடிக்கவில்லை. ஆச்சியின் முகம் சுருங்கியது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ஹோஸைக் கழற்றி, ஒரு சோடா பாட்டிலுக்குள் விட்டார். செல்ஃப். பாட்டிலுக்குள் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. புதுப் பம்ப், கழுத்து வரை நிரப்பின டேங்க், நடுவில் வெறும் குழாய்.

“இனி யாரும் பேசாதிய” என்று சொல்லிவிட்டு டேங்க் பக்கம் போனார். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “காதக் குடு.” நான் குனிந்து மூடிக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். பூட்டைத் திருப்பினார். மூடி எளிதில் வரவில்லை, உள்ளேயிருந்து யாரோ பிடித்திருப்பது மாதிரி இருந்தது. அமுக்கித் திருகி இழுத்தார்.

உஸ்ஸ்ஸ்ஸ்.

நீளமாக. கோலி சோடா திறக்கிற சத்தம்தான், ஆனால் தலைகீழாக. காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. என் காதோர முடி மூடிப் பக்கமாக இழுபட்ட மாதிரிகூட இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் அந்தச் சத்தத்தை நான் ஒவ்வொரு மாதமும் கேட்டிருக்கிறேன். அப்பா மூடி திறக்கும்போது நானும் இறங்கிப் பக்கத்தில்தான் நிற்பேன். பெட்ரோல் வாயு வெளியே வருகிறது, பெட்ரோல் என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு ஒருவரிடமும் சொல்லவில்லை.

பாய் முன்னால் போய்ச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். சோடா பாட்டிலில் களக் களக் என்று பெட்ரோல் கொட்டியது, கால் பாட்டில் நிறைந்துவிட்டது. ஹோஸை மாட்டினார். வண்டி கிளம்பியது.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது என்று அவர் காது சிவந்ததில் தெரிந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை. பாய் அவளிடம், “ஏம்மா, எண்ணெ டின் ஒடைக்கும்போது எத்தன ஓட்டை போடுவிய?” என்றார்.

“ரெண்டு.”

“ஒண்ணுலதான ஊத்துதிய, இன்னொண்ணு எதுக்கு?”

“காத்துப் போகண்ணே. இல்லைன்னா எண்ணெ விழாது, குபுக் குபுக்குன்னு நின்னுரும்” என்று சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

பம்ப் பெட்ரோலை இழுக்கிறது என்று நாம் சொல்கிறோம். அது பாதி உண்மை. பம்புக்குள் ஒரு தோல்சவ்வு விரிந்து இடம் உண்டாக்கும், டேங்கில் பெட்ரோல் மேல் உட்கார்ந்திருக்கிற காற்றுதான் அதை அந்த இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும். பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் புதுக் காற்று வர வழி வேண்டும். எங்கள் டேங்கின் பழைய மூச்சுக்குழாய் எந்தக் காலத்திலோ மண் அடைத்து மூடிப்போயிருந்தது. அதனால் கெடுதல் இல்லாமல் இருந்தது, பழைய மூடி லொடலொடவென்று இருந்ததால் காற்று அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. திருட்டுப் பயத்தில் அப்பா பூட்டு மூடி வாங்கினார். அது சரியாகப் பொருந்தாமல் வளைவில் பெட்ரோல் கசிந்தது. ஆகவே சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, மூடிக்குள் வாஷராகப் போட்டு இறுக்கினார். கச்சிதமான வேலை. சொட்டுக் கசியவில்லை. காற்றும்.

“அங்க மணல் அடைக்கும் சார்வாள். இங்க நீங்களே அடைச்சிட்டிய” என்றார் பாய்.

ராத்திரி அப்பா நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். டேங்க் நிரம்பியிருந்தால் மேலே மிச்சம் இருப்பது இரண்டு, இரண்டரை லிட்டர் காற்று. முப்பது கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய அதே அளவு பெட்ரோல் போய்விடும். அப்போது அந்தக் காற்று இரண்டு மடங்கு இடத்தில் பரவ வேண்டும், அதன் அழுத்தம் பாதியாகிவிடும். பெட்ரோல் ஆவி கொஞ்சம் கைகொடுத்தாலும் பம்புக்குப் போதாது. அந்த முப்பதாவது கிலோமீட்டரில் சுடலைமாடன் உட்கார்ந்திருந்தார். மூடியைத் திறந்து மூடினபிறகு டேங்கில் காற்றுக்கு இடம் அதிகம். மறுபடி பாதியாக இன்னும் ரொம்ப தூரம் ஓட வேண்டும், அதற்குள் திருநெல்வேலி வந்துவிடும். ஆச்சியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மறுபடி ஒரு தடவை மூடியைத் திறந்து ஆட்டிப் பார்த்துக்கொள்வார், ஆகவே திரும்பி வரும்போது நிற்காது. பட்டறையில் நாலு லிட்டரோடு விட்டால் டேங்க் முழுக்கக் காற்று, குற்றாலம் என்ன, செங்கோட்டை வரை போனாலும் நிற்காது. ஈரத்துணி, பாட்டில் பெட்ரோல், சுருட்டு எல்லாமே வேலை செய்தது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் அப்பா மூடியைத் திறந்திருந்தார். அதை அவர் நோட்டில் எழுதவில்லை. அதை அவர் வைத்தியமாக நினைக்கவில்லை, சோதனையாகத்தான் நினைத்தார்.

ஆச்சி தன் தோல்வியை ஏற்றுக்கொள்ளவில்லை. “மாடன்தாம்ல பாயைக் கொண்டாந்து சேத்தான்” என்றாள். அதற்கப்புறமும் மாதாமாதம் அந்த வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி சுருட்டு வைத்துவிட்டுத்தான் போனோம். அக்காக்களுக்கு ஏமாற்றம், வேடிக்கை போய்விட்டது.

பாய் வாஷரைத் தூக்கிப் போடவில்லை. பிளேடால் அதில் ஒரு வெட்டு வெட்டி, மூச்சுக்குழாயைக் கம்பி விட்டுக் குத்தி எடுத்துக் கொடுத்தார். கூலி எவ்வளவு என்று அப்பா கேட்டதற்கு, “ஒரு பிளேடு வெலை” என்றார். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. மாற்றின சாமான்கள் எல்லாவற்றையும் அவர் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார், எதையும் எறிகிற பழக்கம் இல்லை. அதைக் கொண்டுபோய்ப் பெஞ்சில் கவிழ்த்தார். கண்டன்சர், காயில், பம்ப். பாய் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, காயிலை பேட்டரியில் கொடுத்துப் பொறி பார்த்து, பம்பை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்து, ஒரு பக்கமாக அடுக்கினார். எல்லாமே நல்ல நிலையில் இருந்தன. “இவ்வளவும் எனக்கா?” என்று கேட்டார். அவர் பட்டறையில் அன்று வரை ஸ்பேர் என்று ஒன்றும் இல்லை.

அந்தச் சீசன் முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டு ஐந்தருவியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். புளியமரத்தடியில் சுற்றுலாக்காரர்கள் வந்த ஒரு வாடகை அம்பாசிடர் பானெட் தூக்கி நின்றது. பாய் குனிந்திருந்தார். அப்பா வண்டியை ஓரம் கட்டி, இறங்காமல், கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். அம்பாசிடர் டிரைவர் செல்ஃப் அடித்தார், சீராகப் பிடித்தது. அப்பா எங்கள் பக்கம் திரும்பி, ரகசியம் சொல்கிற குரலில், “அது நம்ம காயில்” என்றார்.